யாருக்க மோளு?

எழுதி ரொம்ப நாளாச்சு. குளிர், ஆபீஸ், பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி என்று வழக்கமான சாக்குகள்தான். இன்றைக்கு உட்கார வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. விஷயம் கொஞ்சம் சங்கடமானது. பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் ராத்திரி வாசித்துக்கொள்ளுங்கள். அசிங்கமாக எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் யோசிக்க உங்களுக்கு நேரம் வேண்டுமே!

என் ஊர் பாறசாலைப் பக்கம் என்பது வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு போட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. எங்கள் வீடு கேரளப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் குழித்துறை, மார்த்தாண்டம் வரைக்கும். புதுமுகம் ஒன்றைப் பார்த்தால் எங்கள் ஊரில் பெயர் கேட்க மாட்டார்கள். "யாருக்க மோன்? யாருக்க மோளு?" என்றுதான் கேட்பார்கள். அப்பன் பெயரைச் சொன்னால் தாத்தா வரைக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த ஊரிலிருந்துதான் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். (ஆமாம், ஞாயிற்றுக்கிழமை என் முறை.) கூப்பிட்டது ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். வயது 27. நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் நர்ஸ் இல்லை. வேலை, வயது, வீடு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் போடுகிறேன். ஏன் இவ்வளவு முன்னெச்சரிக்கை என்பது போகப் போகப் புரியும்.

"அண்ணே, ஒரு காரியம் கேட்டா ஏசப்பிடாது."

"ஏசல்ல, சொல்லு."

"காசு கட்டிப் பாக்கிற படம் போடுகாவல்லா... பெரியவங்களுக்குள்ளது. அதுல முகம் காட்டாம செய்யிற ஆளுகளும் உண்டாம். நல்ல பைசா வருமாம். முகம் தெரியாம என்னெல்லாம் செய்யலாம், எப்படிச் செய்யலாம்னு ஐடியா வேணும். நீங்க அந்த லைன்லதானே இருக்கீங்க?"

தோசை கருகிவிட்டது.

"அந்த லைன்" என்று அவள் சொன்னது, நான் இங்கே இங்கிலாந்தில் பார்க்கிற வேலையை. அடையாளச் சரிபார்ப்பு. அடையாள அட்டையில் இருக்கிற முகமும் கேமராவுக்கு முன்னால் இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்க்கிற மென்பொருள். முகத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் சம்பளம். முகத்தை மறைப்பது எப்படி என்று என்னிடமே கேட்கிறாள்.

வாக்குக் கொடுத்தபடி ஏசவில்லை. அதைவிட மோசமாக, உபதேசம் செய்தேன். குடும்பம், மானம், நாளைக்குக் கல்யாணம் என்று பத்து நிமிஷம். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வீட்டு லோனு மாசம் 14,000, அண்ணே. எனக்க சம்பளம் 16,000. அப்பனுக்கு மருந்து தனி." நான் உடனே, "பைசா வேணும்னா நான்..." என்று ஆரம்பித்தேன். "பைசா கேக்கல்ல. ஐடியாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "வயசு வந்த பொண்ணு. அண்ணன்னு நம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கா. கேள்விக்குப் பதில் தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. பிரசங்கம் பண்றதுக்கு ஊர்ல ஆளா இல்லை?" என்றாள். பதில் தெரியும் என்பதுதான் பிரச்சினை. தொழிலே அதுவாச்சே.

அன்று மாலை நானே கூப்பிட்டேன். அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த யோசனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்ல, நான் அதில் இருக்கிற ஓட்டையைச் சொன்னேன்.

முதல் யோசனை: கழுத்துக்குக் கீழே மட்டும், அல்லது நிழலுருவம், அல்லது முகமூடி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். முகம் போனாலும் மச்சம் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, கைவிரல் நகத்தின் வடிவம் இருக்கிறது. அதெல்லாம் மறைத்தாலும் அறை இருக்கிறது. சன்னல் கம்பியின் வடிவம், சுவிட்ச் போர்டு, அம்மா கட்டிலில் விரிக்கிற அந்த ஒரே பூப்போட்ட விரிப்பு. எங்கள் ஊரில் விரிப்பைப் பார்த்து வீட்டைச் சொல்ல ஆள் உண்டு, அந்தக் கடையிலேயே அவர்களும் வாங்கியிருப்பார்கள். பின்னணியில் ரயில் அறிவிப்பு கேட்டால் போதும். அது கூடத் தேவையில்லை. 2019இல் ஜப்பானில் ஓர் இளம் பாடகியின் வீட்டை ஒருவன் கண்டுபிடித்து அவரைத் தாக்கினான். எப்படிக் கண்டுபிடித்தான்? அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கி, கண்ணின் கருமணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை வைத்து. வெறும் கருமணி!

இரண்டாவது: படங்கள் மட்டும், பின்னணி வெள்ளைத் துணி. கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கைபேசி எடுக்கிற படத்துக்குள்ளேயே எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு ஒளிந்திருக்கும். பெரிய தளங்கள் பலவும் அதை அழித்துவிடும். நேரடியாகக் கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி, அந்த வைரஸ் மென்பொருள்காரர், போலீசுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகை அவர் படத்தை அப்படியே போட்டது. படத்துக்குள் இருந்த இடக்குறிப்பு அவர் கவுதமாலாவில் இருக்கிறார் என்று காட்டிக் கொடுத்தது. கணினிப் பாதுகாப்பில் கோடி கோடியாகச் சம்பாதித்தவருக்கே அந்தக் கதி.

மூன்றாவது: எழுத்து அல்லது ஓவியம். ஆளே வேண்டாம், கற்பனைப் பாத்திரம். "இது எப்படி அண்ணே?" என்று குரலில் ஒரு உற்சாகம். உண்மையிலேயே இதில்தான் உடம்பு வெளியே போவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2008இல் சவிதா பாபி என்று ஒரு வயதுவந்தோர் சித்திரக்கதை இணையத்தில் வந்தது. வரைந்தவர்கள் யாரென்று தெரியாது, தேஷ்முக் என்ற புனைபெயர் மட்டும். 2009 ஜூனில் இந்திய அரசு அந்தத் தளத்தைத் தடை செய்தது. தடையை எதிர்த்துப் பேச ஒரு முகம் வேண்டியிருந்தது. புனித் அகர்வால் என்று பிரிட்டனில் வசிக்கிற இந்திய வம்சாவளி வியாபாரி, "நான்தான்" என்று வெளியே வந்தார். கொஞ்ச நாளிலேயே குடும்பத்தின் நெருக்குதலால் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். பின்னால் அந்தப் பாத்திரம் சந்தா கட்டிப் படிக்கிற தளத்தில் திரும்பி வந்தது வேறு விஷயம். அரசு ஒரு பக்கம் தடுத்தது, ஆனால் அவரை நிறுத்த வைத்தது வீடு. நம்மை மாதிரி கடல் தாண்டி வந்த வீடுதான் அதுவும்.

நான்காவது: "முகம் பாக்கிறவனுக்குத் தெரியாது, அது போதும்லா?" போதாது. ஒன்லிஃபேன்ஸ் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் லண்டனில் தொடங்கியது, இந்தத் தொழிலில் பெரிய பெயர். படம் போடுகிறவர் அரசாங்க அடையாள அட்டையும் அதோடு ஒத்துப்போகிற முகமும் காட்டினால்தான் கணக்கே திறக்கும். 18 வயது ஆனவர்தான், சம்மதித்தவர்தான் என்று உறுதிசெய்ய அது அவசியம். அதில் தப்பில்லை. ஆனால் முகம் காட்டாதவரின் முகம் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது என்று ஆகிறது. பிறகு வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும். பான் எண், வருமான வரி, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. வங்கிக் கணக்கு அப்பாவோடு கூட்டுக்கணக்கு என்றால் குறுஞ்செய்தி அவர் போனுக்கும் போகும்!

"அப்பனுக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியாது" என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பணத்தையும் சொன்னேன். 2023ஆம் நிதியாண்டில் அந்த ஒரு தளத்தில் மட்டும் படம் போடும் கணக்குகள் 41 லட்சம். பார்க்கிறவர்கள் செலவழித்தது 660 கோடி டாலர். கேட்கவே மலைப்பாக இருக்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு வருஷத்துக்குச் சுமார் 1,600 டாலர். அதில் கம்பெனி 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் மாதம் நூற்றுச் சொச்சம் டாலர். அதுவும் சராசரிதான். மேலே இருக்கிற சிலர் அள்ளிக்கொண்டு போவதால் கீழே இருக்கிற பெரும்பாலோருக்கு அதுவும் கிடைக்காது. "பத்தாயிரத்துக்கா அண்ணே இவ்வளவு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை, கணக்கு அவளே போட்டுக்கொண்டாள்.

அப்புறம் சட்டம். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, பாலுறவை வெளிப்படையாகக் காட்டும் எதையும் மின்வழியில் வெளியிட்டால் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம் என்கிறது. முகம் இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் இல்லை என்று அதில் எங்கும் கிடையாது. 2022இல் நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஓர் இளைஞர், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கையெழுத்து வாங்கிச் சந்தாத் தளம் ஒன்றுக்காகத் தன்னை நடிக்க வைத்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். கையெழுத்துப் போடுகிற தாளை வாசி, வாசித்துப் புரியாவிட்டால் போடாதே, இது மட்டும் எந்தத் தொழிலுக்கும் பொது என்று அவளிடம் சொன்னேன்.

"பாக்கிறவனுக்கு என்ன சட்டம்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. 2023 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், ஒருவர் தன் கைபேசியில், தனியாக, பிறருக்குக் காட்டாமல் பார்ப்பது அவருடைய சொந்த விஷயம், ஆபாசச் சட்டப்படி குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் போனை வைத்த பிறகு இதைத்தான் யோசித்தேன். முகம் இல்லாமல் இருப்பது எப்படி என்று அந்தப் பெண் நோட்டுப் போட்டு யோசிக்கிறாள். பார்க்கிறவனுக்கு அது பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. இங்கே பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் அப்படிப்பட்ட தளங்களைப் பார்க்க வயதை நிரூபிக்க வேண்டும். பல தளங்களில் கேமராவுக்கு முகத்தைக் காட்டினால் வயதை மதிப்பிட்டு விடும். எங்கள் ஆபீசில் அன்றைக்கு இதே பேச்சு. "என் முகத்தை எப்படிக் கொடுப்பேன், நாளைக்கு வெளியே போய்விட்டால்?" என்று ஆண்கள் பலர் பதறினார்கள். வெறும் பார்த்ததற்கே அவ்வளவு பதற்றம்.

இனி ஐந்தாவது யோசனை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"குரல் மட்டும் அண்ணே. கதை சொல்லுகது. படமே வேண்டாம். நம்ம பாசையில சொன்னா புதுசா இருக்கும்லா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்து "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். நான் அவளிடம் அன்றைக்கு முதன்முதலாக ஒன்றைச் சொன்னேன். வீட்டுக்காரிக்கே அதுவரை சொன்னதில்லை.

2007. பெங்களூரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், மற்றவர்கள் மதுரை, கோவை, திருச்சி. ப்ளூடூத்தில் படம் அனுப்புகிற காலம். ஒருநாள் ராத்திரி ஒருவன் போனில் ஒரு துண்டுப் படம் வந்தது. கணவன் மனைவி, தங்களுக்காக எடுத்துக்கொண்டது. ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள் என்று பின்னால் பேச்சு. இருட்டு, முகம் தெரியாது. நான் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் ஒரே ஒரு வாக்கியம் பேசுவாள்: "கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வாங்க."

மதுரைக்காரன் கேட்டான், "வெள்ளமா? வெள்ளம்னா ஆத்துல வர்றதுதானே? எந்த ஊரு மக்கா இது?"

நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே, மொழி ஆராய்ச்சியாளன் மாதிரி சொன்னேன்: "தண்ணிக்கு வெள்ளம்னு சொல்றா, ஆனா வினை தமிழ். மலையாளி இல்லை. நாகர்கோவில்காரியும் இல்லை, அங்கே இப்படி இழுக்க மாட்டாங்க. இது எங்க பக்கம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவுல."

எவ்வளவு பெருமை பாருங்கள். வகுப்பில் சரியான பதில் சொன்ன பையன் மாதிரி.

கூட இருந்த ஊர்ப் பையன் அந்த வாரம் ஊருக்குப் போனான். "நம்ம பக்கம்தானாம்லே" என்று இரண்டு பேரிடம் சொன்னான். அதற்கப்புறம் ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அந்தச் சுவர்க் கடிகாரம் எந்த வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்தது, அந்தக் குரல் யாருக்க மோளு குரல் என்று கூடிக் கூடிக் கண்டுபிடித்தார்கள். மூன்று வாரத்தில் பெயர் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இனி விசாரித்தால் அதுவும் அதே தேடல்தானே.

போனை ரிப்பேர் செய்தவனை யாரும் தேடவில்லை. அனுப்பியவர்களை யாரும் கேட்கவில்லை. என்னை? நான் அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போய், கேக் சாப்பிட்டு, எல்லாரிடமும் கைகொடுத்துவிட்டு வந்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அந்த அக்கா செய்த தப்பு என்னது அண்ணே?"

"ஒண்ணுமில்ல பிள்ளே. வெள்ளம் கேட்டா."

அன்று ராத்திரி தூக்கமில்லை. எங்கள் ஊர் வழியாகப் போகிற ரோட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் போகிற பழைய ரோடு. அந்த ரோட்டில் இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

மலையாளத்தின் முதல் சினிமா விகதகுமாரன். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல், நம் தமிழர்தான். படம் வந்தது 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. அதில் கதாநாயகி பி.கே. ரோசி. தலித் பெண். தமிழும் மலையாளமும் கலந்து ஆடுகிற காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண் வேஷம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது, ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வருவதா என்று திரை மேல் கல்லெறிந்தார்கள். முதல் காட்சியைப் பார்க்க அவரையே உள்ளே விடவில்லை என்பார்கள். அவர் குடிசையையும் விடவில்லை. ஓடி ரோட்டுக்கு வந்து, நாகர்கோவில் போகிற லாரியில் ஏறித் தப்பினார் என்பது சொல்லப்படுகிற வரலாறு. லாரி ஓட்டியவரையே கல்யாணம் செய்து, ராஜம்மாள் என்று வேறு பெயரில், தமிழ்நாட்டில், நடிப்பைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்து முடித்தார்.

அந்த லாரி போகக்கூடிய வழி எங்கள் வீட்டு முன்னால்தான்.

இன்றைக்கு அந்தப் படத்தின் சுருள் இல்லை. அவர்தான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு புகைப்படம்கூட இல்லை. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி அவருடைய 120ஆவது பிறந்த நாளுக்கு கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து வைத்தது. கேரளத்தில் பெண் சினிமாக்காரர்கள் அவர் பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள், சென்னையில் அவர் பெயரில் படவிழா நடக்கிறது. முகத்தைக் காட்டியதற்கு விரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்த முகத்தைத் தேடுகிறோம்.

ரோசி செய்தது வேறு, இந்தப் பெண் கேட்டது வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். 2007இல் அந்த அக்காளுக்கு நடந்தது இரண்டிலும் சேராதது. அவள் எதையும் யாருக்கும் காட்டவே இல்லை. மூன்றையும் நான் சமம் என்று சொல்ல வரவில்லை. மூன்று பேர் பக்கத்திலும் நிற்கிற கூட்டம் மட்டும் ஒன்றே என்று சொல்கிறேன். "யாரது?" என்று கேட்கிற கூட்டம். அதில் நானும் ஒருவன்.

முகம் காட்டாமல் இருப்பது கேமரா வித்தை என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் ஓட்டை ஓட்டையாகப் பதில் சொன்னேன். 18 வருஷமாக எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்ட பதில் வேறு. எத்தனை மறைத்தாலும், தேட உட்கார்ந்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஒருவர் முகமில்லாமல் இருக்க முடிவது, பார்க்கிறவர்கள் தேடாமல் விடுகிறபோது மட்டும்தான். எங்கள் ஊர் தேடாமல் விடாது. எந்த ஊர்தான் விடும்?

மறுநாள் அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். ஒருவேளை எப்போதாவது யாராவது உன் படத்தையோ, உன் படம் மாதிரி செய்த போலியையோ வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதே, பயந்து நம்பரை அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடு என்றேன். ஸ்டாப் என்சிஐஐ என்று 2021இல் பிரிட்டனில் தொடங்கிய இலவச ஏற்பாடு ஒன்று உண்டு. படத்தை அனுப்ப வேண்டாம், உன் போனிலேயே அதற்கு ஒரு எண் ரேகை தயாராகி அது மட்டும் போகும், சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த ரேகையுள்ள படத்தைத் தடுக்கும் என்றும் சொன்னேன். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. 2007இல் இந்தப் பிரிவு வந்திருக்கவில்லை. 2008 திருத்தத்தில் சேர்ந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சொல்லாதே. நான் கேக்கவும் மாட்டேன், தேடவும் மாட்டேன்."

"சரி அண்ணே" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி. வங்கியில் போய்ப் பேசினாளாம், தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்களாம். ஐஈஎல்டிஎஸ் வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறாளாம். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நானும் கேட்கவில்லை. வாசித்துவிட்டு, "ஐயோ, அப்படின்னா அவள் செய்தாளா இல்லையா?" என்று உங்களுக்குத் தோன்றினால்... எனக்கும் தோன்றியது. அதுதான் நான் சொல்கிற வியாதி.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு துண்டுப் படம் வந்தது. குழுவில் துபாய், மஸ்கட், டொராண்டோ, லண்டன் என்று 90 பேர். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். படத்தின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இது நம்ம பக்கம் மாதிரி இருக்கே, யாருக்காவது ஆளு தெரியுமா?"

திறக்கவில்லை. "தெரியாது. தேடவும் வேண்டாம். தயவுசெய்து அழித்துவிடுங்கள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் போட்டவரே எடுத்திருந்தார்.

உங்கள் குழுவிலும் வரும். வந்தால் இதே இரண்டு வரியை எழுதுங்கள். வேறொன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம்.